மத்தியானத்துக்குள் சுருங்கிய மூளை

என் வாழ்நாளில் கொஞ்சக் காலம் நான் டொக்டராக இருந்திருக்கிறேன். எனக்குப் பட்டம் தந்தது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை, வவுனியா பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடை. அந்தப் பதவியில் நான் பார்த்த நோயாளி ஒரே ஒருவர்தான். அவருக்கும் நோய் வருத்தம் ஒன்றும் இருக்கவில்லை. நான் பார்த்த பிறகுதான் வருத்தக்காரியானார்.

அது தொண்ணூறுகளின் கடைசி. உயர்தரப் பரீட்சையை உயிரியல் பிரிவில் இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் மருத்துவபீடத்தைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, மூன்றாந்தரத்துக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தேன். (படித்தனியோ என்று கேட்காதேங்கோ. நல்லாய்ச் சாப்பிட்டனான்.)

பிலோமினாப் பெரியம்மா என் அம்மாவின் தமக்கை. முல்லைத்தீவில் கடற்கரையோடு அவர்களுடைய வீடு. பெரியப்பாவுக்கு வள்ளம் இருந்தது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வவுனியா இறம்பைக்குளத்துக்கு வந்து சேர்ந்தபோது வள்ளமும் இல்லை, கடலும் இல்லை. மீன் காய்ச்சத் தெரியும் என்ற ஒரே துணிவில் பெரியம்மா கடை போட்டார். பெரியப்பா பொரிப்பார், பெரியம்மா மற்ற எல்லாம்.

அந்த ‘மற்ற எல்லாம்’ என்பதில் ஊரே அடங்கியிருந்தது. யாருக்கு மீன்தலை வேண்டும், யாருக்கு வெள்ளிக்கிழமை மீன் மச்சம் ஆகாது, முல்லைத்தீவில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள் இப்போது எந்த முகாமில், எந்த நாட்டில், எந்தப் பிள்ளையோடு இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருடைய தலைக்குள் இருந்தது. வேறு எங்கும் எழுதிவைக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. சொந்தக்காரரைத் தேடி வருகிறவர்கள் கடைக்கு வந்து சோறு சாப்பிட்டுவிட்டு, கை கழுவும்போது பெரியம்மாவிடம் விலாசம் கேட்டுக்கொண்டு போவார்கள்.

அப்படிப்பட்ட தலை ஒருநாள் ஓட்டோ குடைசாய்ந்து வீதியில் அடிபட்டது. காயம் ஆறிவிட்டது, ஆனால் தலையிடி போகவில்லை. கொழும்புக்குக் கொண்டுபோய் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, அடுத்த வருசம் இன்னொரு படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த வருசம் போனபோது அந்த மெசின் பழுது. பக்கத்து வீதியில் வேறொரு இடத்தில், புதிதாக வந்திருந்த மெசினில் எடுக்கச் சொன்னார்கள். இங்கிலீசு தெரிந்த ஆள் என்று இந்த முறை துணைக்குப் போனது நான்.

படத்தைப் பார்த்து முடிவு சொல்லவேண்டிய டொக்டர் வெளிநாடு போயிருந்தார். அவர் வந்த பிறகு வாருங்கள் என்று சொல்லி, படத்தையும் அதை எடுத்த இடத்தில் எழுதிய அறிக்கையையும் பெரிய உறை ஒன்றில் போட்டு என் கையில் தந்துவிட்டார்கள். குரங்கின் கையில் கொடுத்திருந்தால்கூட அது கிழித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கும். நான் வாசித்தேன்.

வவுனியாவுக்கு வரும் ரயிலில், பெரியம்மா எதிரே நித்திரையாக இருக்க, பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் மடியில் விரித்து வைத்தேன். மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் உண்டு. அவற்றின் அகலத்தை இரண்டிலும் குறித்திருந்தார்கள். புதிய அறிக்கையில் அகலம் இரண்டு மில்லிமீற்றர் கூட. அறை பெரிதானால் சுவர் என்னவாகியிருக்க வேண்டும்? சுற்றியிருக்கும் மூளை சுருங்கியிருக்க வேண்டும்! இரண்டு தரம் உயிரியல் எழுதிய மூளைக்கு இது விளங்காதா? அறிக்கையின் அடியில், குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்றும் ஒரு வரி இருந்தது. (டொக்டர்மார் வருத்தக்காரருக்கு முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லமாட்டினம் எண்டு எனக்குத் தெரியாதோ!) அந்த வரியை நான் மன்னித்துவிட்டேன்.

மதவாச்சி தாண்டி ரயில் வவுனியாவுக்குள் நுழையும்போது நான் டொக்டராகிவிட்டேன்.

மறுநாள் கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் குடும்பத்தைக் கூட்டினேன். பெரியப்பா கரண்டியோடு வந்தார். பெரியம்மாவின் மகள் ஜெசிந்தா வாழையிலை துடைத்த துணியோடு வந்தாள். அவளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது, வேப்பங்குளத்து மாப்பிள்ளை. பேசிச் செய்த சம்பந்தம்தான். ஆனால் அந்தப் பெடியன் தேவையே இல்லாமல் நாள்தோறும் எங்கள் கடைக்கு வந்து, சாப்பிட்ட பிறகும் பால் விடாத பிளேன்ரீ இன்னொன்று குடிக்கத் தொடங்கியிருந்தான் என்பதையும் சொல்லவேண்டும்.

“பெரியம்மாவின்ரை மூளை சுருங்குது” என்றேன். குரலில் போதிய கவலையைச் சேர்த்துத்தான் சொன்னேன்.

பெரியம்மா சிரித்தார். “எந்தப் பக்கத்தாலையடா?”

“பகிடி விடாதேங்கோ பெரியம்மா. ரெண்டு மில்லிமீற்றர்.”

“அது எவ்வளவு?”

விரல்களுக்கு இடையில் காட்டினேன். பெரியப்பா குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தார். “நெத்தலி முள்ளளவு” என்று சொல்லிவிட்டு அடுப்புக்குப் போனார். ஆனால் அன்று அவர் பொரித்த மீன் கரியாகிப்போனது.

முதல் இரண்டொரு நாள் பெரியம்மா இதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு ஒருநாள் சொதிக்கு உப்புப் போட மறந்துவிட்டார். முந்தியென்றால், “அம்மா, உப்பில்லை” என்று யாராவது சொல்லியிருப்பார்கள், அவரும் போட்டிருப்பார். அன்று ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உப்பில்லாத சொதியை நன்றாயிருக்கிறது என்று குடித்தோம். பெரியம்மா கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்து, ஒரு வாய் வைத்துவிட்டு, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

நானோ அதையும் நோயின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டு பரிசோதனையில் இறங்கினேன். ஏதோ ஒரு மருத்துவப் புத்தகத்தில் பார்த்திருந்த சோதனை: நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்ல வேண்டும்.

“பெரியம்மா, நூறிலை ஏழு போனால்?”

“எங்கை போனது?”

“சும்மா போனதெண்டு வையுங்கோ.”

“சும்மா ஏன்ரா போகுது? ஆர் எடுத்தது?”

நான் குறிப்பு எழுதிக்கொண்டேன். (‘நோயாளி கேள்வியைத் தவிர்க்கிறார்.’)

அதற்குப் பிறகு பெரியம்மா மெல்ல மெல்ல ஒதுங்கினார். கறியில் உப்புப் பார்க்கச் சொல்லி ஜெசிந்தாவைக் கூப்பிட்டார். விலாசம் கேட்டு வந்தவர்களிடம், “எனக்கு இப்ப வடிவா ஞாபகமில்லை, மோனை. பிழையாச் சொல்லிப்போடுவன்” என்றார். மாத்தளன் பக்கமிருந்து தங்கையைத் தேடி வந்த ஒரு மனிதர் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போனார். அந்தத் தங்கை பூந்தோட்டத்து முகாமில் இருந்தது எனக்கே தெரியும். பெரியம்மாதான் எனக்குச் சொல்லியிருந்தார். வீதிவரை ஓடிப்போய் அந்த மனிதரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அப்போதாவது எனக்கு மண்டையில் ஏதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டு ஒரு வடை எடுத்துச் சாப்பிட்டேன்.

பிறகு சம்பந்தி அம்மா வந்தார், மாப்பிள்ளையின் தாய். நிமிர்ந்த நடையும் மடிப்புக் குலையாத சேலையும், எதையும் நேரே கேட்கும் பழக்கமும் உள்ளவர். கதை எப்படியோ வேப்பங்குளம்வரை போயிருந்தது. (எப்படியோ என்ன எப்படியோ. மாப்பிள்ளைப் பெடியனுக்கு நான்தான் விரலால் அளந்து காட்டினனான்.)

கதிரையில் உட்கார்ந்தார். தேத்தண்ணீர் வந்தது. தொடவில்லை.

“ஆர் இஞ்சை வருத்தத்தைப் பற்றித் தெரிஞ்ச ஆள்?”

நான் முன்னே வந்தேன்.

“தம்பி, இது பரம்பரையா வாற வருத்தமே?”

உலகத்தில் எத்தனையோ பதில்கள் உண்டு. ‘தெரியாது’ என்பது அவற்றில் மிகச் சிறியது. சொல்ல மூச்சுகூடத் தேவையில்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “இருக்கலாம். ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்குது” என்றேன்.

சம்பந்தி அம்மா தேத்தண்ணீரைத் தொடாமலே எழும்பிப் போனார். வருகிற ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று சபைக்கு அறிவிக்க இருந்தார்கள். சனிக்கிழமை வேப்பங்குளத்திலிருந்து ஆள் வந்தது: ஓலை இப்போதைக்கு வேண்டாமாம், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமாம்.

பிளேன்ரீ குடிக்கிறவனும் வரவில்லை.

ஜெசிந்தா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். குசினிக்குள் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: “அம்மாவின்ரை மூளை ரெண்டு மில்லிமீற்றர் குறைஞ்சுது எண்டனி. உன்ரை நாக்கு ரெண்டு முழம் நீளம். அதை ஆர் அளக்கிறது?”

அந்தக் கிழமையே டொக்டர் வந்துவிட்டதாகக் கொழும்பிலிருந்து செய்தி வந்தது. பெரியம்மா என்னைத்தான் துணைக்குக் கூப்பிட்டார். ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. யுத்தத்தால், கொழும்புக்குப் போக அனுமதிப் பாஸ் எடுக்கவேண்டிய காலம் அது. பாஸ் தரும் இடத்தில் இருந்த அதிகாரி, பயணத்துக்குக் காரணம் மூளை வருத்தம் என்று அறிந்ததும், பெரியம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என்னிடம் மிக இரக்கமான குரலில், “பயப்பட வேண்டாம் தம்பி, அம்மா கூட வாறாதானே?” என்றார். பெரியம்மா பல நாளைக்குப் பிறகு சிரித்தது அப்போதுதான்.

டொக்டர் நடுத்தர வயதுப் பெண்; எங்கள் பேச்சு பேசுகிறவர். படங்களை வெளிச்சப் பலகையில் மாட்டி நெடுநேரம் பார்த்தார். பெரியம்மா கைகளை மடியில் கோர்த்துக்கொண்டு, கோயிலில் இருப்பதுபோல இருந்தார்.

“உங்களுக்கு ஒண்டுமில்லை அம்மா. போன வருசம் எப்பிடி இருந்ததோ அப்பிடியேதான் இருக்கு.”

அந்த இடத்தில் எழும்பி வணக்கம் சொல்லி வெளியே வந்திருக்கலாம். நான் கையை உயர்த்தினேன். (வகுப்பறைப் பழக்கம்.)

“டொக்டர், ரெண்டு மில்லிமீற்றர் வித்தியாசம் இருக்குதே. எண் பொய் சொல்லாதுதானே?”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “எண் பொய் சொல்லாது தம்பி. ஆனால் எந்த மெசின் சொன்ன எண் எண்டு கேக்கவேணும். பழைய மெசின் மூளையைத் தடிப்புத் தடிப்பான துண்டா எடுக்குது. புதுசு மெல்லிசா எடுக்குது. தலையைச் சரிச்சு வைக்கிற விதமும் வேறை. விளிம்பு எங்கை முடியுதெண்டு ரெண்டும் ஒரே மாதிரிக் காட்டாது. ஒரே தலையை ரெண்டிலையும் வைச்சால் ரெண்டு அளவு வரும்.”

“அப்ப வித்தியாசம் மெசின்ரையோ, மூளையின்ரையோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?”

மடத்தனமாக நான் கேட்டவற்றுள் அது ஒன்றுதான் நல்ல கேள்வி. டொக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் அந்த வேலையைத்தான் அப்போது செய்துகொண்டிருந்தாராம். சுகமாய் இருக்கிற ஆட்களைப் பிடித்து, ஒரே நாளில் இரண்டு மெசினிலும் படுக்கவைத்துப் படம் எடுப்பது. ஒரு நாளுக்குள் மூளை மாறாது. ஆகவே மாறுவது மெசின். அப்படிப் பலரை அளந்தால், ஒரு மெசினின் அளவை மற்றதோடு எப்படிப் பொருத்துவது என்று தெரிந்துவிடும். ஆனால் ஆட்கள் கிடைப்பதுதான் பாடு.

“பழைய மெசின் இப்ப திருத்தியாச்சு. அம்மாவை அதிலை இன்னொருக்கால் எடுத்துப் பாப்பம். நீங்களும் படுக்கிறியளோ தம்பி? எனக்கு ஒரு நல்ல மூளை தேவை.”

ஒரு நல்ல மூளை! இரண்டு பரீட்சைச் சபைகள் சொல்லத் தவறியதை ஒரு கொழும்பு டொக்டர் சொல்லிவிட்டார். மார்பை நிமிர்த்திக்கொண்டு, “எவ்வளவு நேரமெண்டாலும் படுக்கிறன் டொக்டர்” என்றேன்.

மறுநாள் காலை முதலில் பெரியம்மா போனார். மெசின் இடித்த இடி அடுத்த அறையில் இருந்த எனக்கே காதை அடைத்தது. உள்ளே அசைவே இல்லை. முடிந்து வெளியே இழுத்தபோது பெரியம்மா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“சத்தம் பயமா இருக்கேல்லையோ?” என்று டொக்டர் கேட்டார்.

“பங்கருக்குள்ளை, செல்லடிக்குள்ளையே நித்திரை கொண்டனாங்கள் பிள்ளை. இதுக்குள்ளை குளிர்காத்தும் வருது.”

அடுத்தது நல்ல மூளையின் முறை. பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். தலையை ஒரு கூட்டுக்குள் வைத்தார்கள். குழாய்க்குள் தள்ளினார்கள். நான் மிகுந்த கம்பீரத்தோடு கூரையைப் பார்த்தேன். கூரை மூக்கில் இருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சரி, அதுவும் பரவாயில்லை என்று நினைத்த கணத்தில் தட்தட்தட்தட் என்று தொடங்கியது.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, உடம்புக்குத் தெரியும். சத்தம் கேட்டால் குப்புற விழவேண்டும் என்று பத்து வயதிலிருந்து அதற்குப் பழக்கியிருந்தார்கள். அந்த ஒடுக்கமான குழாய்க்குள் நான் குப்புறத் திரும்பப் பார்த்தேன். கூடு தலையை விடவில்லை. உடம்பு மட்டும் திரும்பியது. பெல்ட் இல்லாத காற்சட்டை அந்த முயற்சியில் என்னோடு ஒத்துழைக்கவில்லை. படம் பிடிக்கிறவர் சிங்களத்தில் ஏதோ கத்திக்கொண்டு ஓடிவந்தார். திருப்பிக் கிடத்தினார்கள். மீண்டும் தட்தட்தட். மீண்டும் நான்.

மூன்றாம் தரம் கிடத்திவிட்டு அவர் மைக்கைக் கொண்டுபோய் வெளியே யாரிடமோ கொடுத்தார். குழாய்க்குள் பெரியம்மாவின் குரல் வந்தது.

“டேய் அன்ரன், ஆடாமல் படு. உது செல்லடி இல்லை. நான் இஞ்சைதான் நிக்கிறன்.”

நான் ஆடாமல் படுத்தேன். மெசின் இடித்துக்கொண்டேயிருந்தது, இடைக்கிடை அந்தக் குரல், “அப்பிடித்தான். ஓம். இன்னுங் கொஞ்சம்” என்று வந்துகொண்டிருந்தது. கண்ணீர் காதுக்குள் வழிந்தது. துடைக்கவும் முடியாது, ஆடக்கூடாதே.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்து வீதிக்குப் போய்ப் புது மெசினிலும் படுத்தேன். பின்னேரம் டொக்டர் எல்லாப் படங்களையும் வரிசையாக மாட்டி, அளந்து, திரும்பவும் அளந்தார்.

“அம்மா, இண்டைக்குப் பழைய மெசினிலை எடுத்ததும் போன வருசம் அதே மெசினிலை எடுத்ததும் ஒரே அளவு. உங்கடை மூளை ஒரு நூல்கூடச் சுருங்கேல்லை.”

பெரியம்மா ஒரு பெரிய மூச்சு விட்டார். அந்த மூச்சு எத்தனை நாள் உள்ளே இருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“தம்பி,” டொக்டர் என் பக்கம் திரும்பினார், “உங்களுக்குக் காலமை பழைய மெசினிலை அந்த நீர் அறை ஒரு அளவு. மத்தியானத்துக்குப் பிறகு புது மெசினிலை அதைவிட ரெண்டு மில்லிமீற்றர் கூட. உங்கடை கணக்குப்படி பாத்தால்...”

அவர் முடிக்கவில்லை. நாகரிகமானவர். பெரியம்மா முடித்தார்.

“ஐயோ மோனை! காலமை நல்லாத்தானே இருந்தது? மத்தியானம் என்னத்தையடா சாப்பிட்டனி?”

டொக்டர் சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அவர் நேர்மையாக, “ஒரு ஆளை வைச்சு முடிவு சொல்ல ஏலாது. இன்னும் கனபேர் படுக்கவேணும்” என்றும் சொன்னார். அதை யார் கேட்டார்கள்? ரயிலில் வவுனியாவரை பெரியம்மா நித்திரை கொள்ளவில்லை. பெட்டியில் ஏறியவர்கள் அத்தனை பேருக்கும் கதை சொல்லிக்கொண்டு வந்தார்.

வந்த கையோடு வீட்டுக்குக்கூடப் போகாமல், படங்களோடும் என்னோடும் நேரே வேப்பங்குளத்துக்குப் போனார். சம்பந்தி அம்மா வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லலாமா என்று யோசிக்கிற முகம். பெரியம்மா படங்களை வாசல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது என்ரை மூளை. இது இவன்ரை மூளை. இவன்ரை மூளை காலமைக்கும் பின்னேரத்துக்குமிடையிலை சுருங்கிப்போச்சு. ரெண்டு மெசின் ரெண்டு விதமா அளக்குது, அவ்வளவுதான். என்ரையை ஒரே மெசினிலை ரெண்டு தரம் எடுத்தாச்சு, ஒரு மாத்தமுமில்லை. டொக்டர் எழுதியும் தந்தவா. இன்னும் சந்தேகமெண்டால், உங்கடை வீட்டாக்களின்ரை பூர்வீகத்தை நாலு தலைமுறைக்குச் சொல்லட்டோ? மறக்கேல்லை.”

சொன்னார். மூன்றாம் தலைமுறையில், மன்னாரிலிருந்து வள்ளம் ஏறி ஓடிப்போய்க் கலியாணம் முடித்த ஒரு பாட்டனார் வரும்போது சம்பந்தி அம்மா அவசரமாக, “காணும், காணும். உள்ளை வாங்கோ” என்றார்.

தேத்தண்ணீர் வந்தது. எல்லோரும் குடித்தோம். சம்பந்தி அம்மா கோப்பைக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

“தம்பிதானே பரம்பரை வருத்தமெண்டு சொன்னது? டொக்டருக்கே படிக்கிறியள்?”

“ரெண்டு தரம் சோதினை எடுத்தனான், அன்ரி. மூண்டாந்தரம்...”

“வேண்டாம் மோனை” என்றார், மிக அன்பாக.

அவர் சொன்னதைக் கேட்டேன். மூன்றாம் தரம் எழுதவில்லை. அதனால் இந்த நாட்டில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களோ தெரியாது. நான் கணக்காளராகப் போனேன். ஜெசிந்தாவின் கலியாணம் இறம்பைக்குளத்துக் கோயிலில் நடந்தது. பிளேன்ரீ குடிக்கிறவன் இப்போது கனடாவில், சீனி இல்லாமல் குடிக்கிறான்.

பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. யார் எந்த நாட்டில், எந்தப் பிள்ளையோடு என்ற விபரம் இன்றைக்கும் பிசகாமல் தலைக்குள் இருக்கிறது. ஆனால் அளக்கிற சாமான் எதையும் அவர் முதல் பார்வையில் நம்புவதில்லை. காய்ச்சல் பார்க்கிற கோல், நிறை பார்க்கிற தராசு, ஜெசிந்தா கனடாவிலிருந்து அனுப்பிய பிரசர் மெசின், சீனி பார்க்கிற மெசின் எது வந்தாலும் சட்டம் ஒன்றுதான்: முதலில் அன்ரனில் பார்க்க வேண்டும். என் பிள்ளைகளுக்கும் இது பழகிவிட்டது. கடைக்குட்டி தன் பள்ளிக்கூட அடிமட்டக் கோல் சரியா என்று பார்க்கக்கூட என் மூக்கைத்தான் அளந்தாள்.

போன மாதம் கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருந்தேன். புதிதாக வந்த தாதிப் பிள்ளை பிரசர் பட்டியை விரித்துக்கொண்டு வந்து, “ஆச்சி, கையைத் தாங்கோ” என்றாள்.

பெரியம்மா கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு என்னைக் காட்டினார்.

“பொறு பிள்ளை. முதல் இவனுக்குக் கட்டு. மெசின் எப்பிடியெண்டு பாப்பம்.”

அந்தப் பிள்ளை விளங்காமல் என்னைப் பார்த்தாள். நான் அதற்குள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.